முதல் மணிக்கு முன்: தொடக்கப்பள்ளியில் வருகையும் நேரமும்

பெல்லாரியில் ஒரு பழைய கணக்கு

1822-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அவற்றில் யார் படிக்கிறார்கள் என்று மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டார். வந்த பதில்கள் பெரும்பாலும் அட்டவணைகளாகவே இருந்தன. பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை அப்படிப்பட்டதல்ல. அது திண்ணைப் பள்ளிக்கூடத்தின் காலைப் பொழுதை நம் கண்முன் நிறுத்துகிறது. ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் திரட்டி 1983-ல் நூலாக வெளியிட்ட பிறகு, அன்றைய பாடத்திட்டம் பற்றியும் எந்தச் சாதியினர் படித்தார்கள் என்பது பற்றியும் நிறைய விவாதம் நடந்தது. பிள்ளைகள் எப்படி நேரத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள் என்ற பகுதியை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

பள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்கும். முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் ஆசிரியர் சரஸ்வதியின் பெயரை எழுதுவார். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி போடுவார். அவனுக்குப் பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். அந்தக் கணக்கில் பத்தாவது பிள்ளைக்கு எட்டு அடி.

இந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே தண்டனை தாமதத்துக்கு அல்ல, வரிசையில் பின்தங்கியதற்கு. எல்லாப் பிள்ளைகளும் விடியும் முன்பே ஓடி வந்துவிட்டாலும் அவர்களில் ஒருவன் கடைசியாகத்தான் வந்திருப்பான். அவனுக்கு எல்லாரையும்விட அதிக அடி. எல்லோரும் ஒழுங்காக இருக்கும் ஒரு காலையை இந்த முறையால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

அதே அறிக்கையில் கேம்பெல் இன்னொன்றும் எழுதுகிறார். நடுத்தர, கீழ்நிலைக் குடும்பங்களால் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்க முடியவில்லை. சின்ன வேலை செய்யும் அளவுக்குக் கைகால் வளர்ந்ததுமே வயிற்றுப்பாட்டுக்குப் பிள்ளையின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது. பள்ளிகள் தேய்ந்ததற்கு அவர் சொல்லும் காரணம் இந்த வறுமை. அடிக்கும் பிரம்பும் பிள்ளை வராததன் உண்மைக் காரணமும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன, ஒன்றையொன்று தொடாமல்.

இருநூறு ஆண்டுகளாக நாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம் என்று நினைக்கிறேன். ஐந்து வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தை நாள்தோறும், நேரத்துக்கு, பள்ளிக்கு வர வேண்டுமானால் எதை மாற்ற வேண்டும்? குழந்தையின் பழக்கத்தையா, குழந்தையைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளையா? தமிழ்நாட்டின் நூறாண்டு அனுபவத்தையும் அதோடு ஒப்பிடத் தக்க சில ஆய்வுகளையும் வைத்து இக்கேள்வியைப் பார்க்கலாம்.

பதிவேடு காட்டுவதும் மறைப்பதும்

பள்ளியில் சேர்வது, நாள்தோறும் வருவது, நேரத்துக்கு வருவது ஆகிய மூன்றும் வெவ்வேறு. பொதுப்பேச்சில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. சேர்க்கையில் தமிழ்நாடு ஏறக்குறைய முழுமையை எட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வருகையிலும் நாட்டின் முன்வரிசை மாநிலங்களில் நிற்கிறது. கல்வி நிலையை ஆராயும் அசர் (ASER) கணக்கெடுப்பாளர்கள் கிராமப்புறப் பள்ளிகளுக்கு நேரில் சென்று, அன்றைக்கு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். அப்படி எண்ணியபோது தொடக்கப்பள்ளி வருகையின் அகில இந்தியச் சராசரி 2018-ல் சுமார் 72 சதவீதமாகவும் 2024-ல் சுமார் 76 சதவீதமாகவும் இருந்தது. அதாவது, இந்திய கிராமங்களில் எந்த ஒரு வேலைநாளிலும் பெயர் எழுதப்பட்ட நான்கு பிள்ளைகளில் ஒருவர் வகுப்பில் இல்லை.

மூன்றாவதான நேரத்துக்கு நம்மிடம் எண்ணே கிடையாது. காரணம் எளியது. பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை. ஆசிரியர் காலையில் கட்டத்துக்குள் ஒரு சாய்கோடு போடுவார். மதிய உணவுக்குப் பின் எதிர்ப்பக்கமாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறியானால் அந்தப் பிள்ளை முழுநாள் ஆஜர். ஒன்பதே முக்காலுக்கு வந்த பிள்ளைக்கும் அதே கோடுதான், எட்டே முக்காலுக்கே வந்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் அதே கோடுதான். கைப்பேசிச் செயலிக்கு மாறிய பிறகும் நிலைமை அதுவே. கூடுதலாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. செயலியில் காலையிலேயே வருகையைப் பதிவேற்றிவிட வேண்டும். பதிவேற்றிய பின் வாசலில் வந்து நிற்கும் பிள்ளை ஆசிரியருக்கு ஒரு கணக்குப் பிசகாகத் தெரிகிறாள்.

தாமதம் அற்பமான விஷயமல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி என்று வரையறுக்கிறது. நாள்தோறும் அரைமணி நேரம் தாமதமாக வரும் குழந்தை ஆண்டில் 100 மணி நேரத்தை இழக்கிறது. அது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, இருபத்தைந்து நாள் படிப்பு. இருபத்தைந்து நாள் வராத பிள்ளையைத் தேடி ஆசிரியர் வீட்டுக்குப் போவார். இந்தப் பிள்ளையைத் தேடி யாரும் போவதில்லை, ஏனென்றால் பதிவேட்டின்படி அவள் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவள். பல பள்ளிகளில் முதல் பாடவேளையில்தான் வாசிப்பு நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளில் சிலரின் கதை இங்கே தொடங்கியிருக்கலாம்.

சோறு சொல்லும் சாட்சி

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பதில் தமிழ்நாடு கண்ட முதல் பெரும் வெற்றி உணவால் வந்தது. 1920-ல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. பிறகு இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை 1922–23-ல் 811 ஆக இருந்து 1924–25-ல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு 1925-ல் தடுத்தது. 1927-ல் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. சோறு போடுவது கல்விச் செலவா என்று கேட்டவர்களுக்கு அந்தப் பள்ளிகளின் பதிவேடே பதில் சொல்லியிருந்தது.

1956-ல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர் மக்களின் நன்கொடையில் நடந்தது. அரசின் பங்கு பின்னர் வந்தது. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அதற்கு ஆதரவு திரட்டினார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பொருளியல் அறிந்த பலர் அதை வீண்செலவு என்றார்கள். இன்று அப்படிச் சொல்பவர் இல்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, அது நாடு முழுவதற்குமான முறையாயிற்று.

இந்த வரலாறு பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனால் உணவு ஏன் வேலை செய்தது என்பதை நாம் போதுமான அளவு ஆராயவில்லை. நடுவண் அரசு 1995-ல் தொடங்கிய திட்டத்தில் பல மாநிலங்கள் சமைக்காத தானியத்தைக் கொடுத்தன. மாதம் 80 சதவீத நாள் வந்த பிள்ளைக்கு 3 கிலோ என்பது விதி. விதி காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் பெயர் பதிந்த எல்லோருக்கும் தானியம் போய்ச் சேர்ந்தது. பின்னர் மத்தியப் பிரதேசம் தானியத்திலிருந்து சமைத்த உணவுக்கு மாறியபோது என்ன நடந்தது என்று ஃபர்சானா அஃப்ரிடி ஆராய்ந்தார். முதல் வகுப்புப் பெண்குழந்தைகளின் வருகை 12 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. அதற்கு முன்பே ழான் த்ரேஸும் கீதா கிங்டனும் வட இந்திய கிராமப்புறங்களை ஆராய்ந்து, உள்ளூர்ப் பள்ளியில் மதிய உணவு இருந்தால் பள்ளிக்கு வெளியே நிற்கும் பெண்குழந்தைகளின் விகிதம் பாதியாகக் குறைவதைக் காட்டியிருந்தார்கள். ஆண்குழந்தைகளிடம் அத்தகைய தெளிவான மாற்றம் தெரியவில்லை.

தானியத்தை மாதக் கடைசியில் அப்பா போய் வாங்கி வரலாம். சோற்றைத் தின்னப் பிள்ளைதான் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே. வேறுபாடு முழுவதும் இதில்தான். மாதக் கணக்கில் தரும் பரிசு பதிவேட்டைத் திருத்தத் தூண்டும். அன்றன்று தருவது பிள்ளையை வரவழைக்கும்.

காலை உணவுத் திட்டத்தை இந்த நோக்கில் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவானது. ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகள் 2024-லும் நகரத்து உதவிபெறும் பள்ளிகள் 2025-லும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்கள்.

மதிய உணவால் வருகையைக் கூட்ட முடிந்தது. நேரத்தைத் தொட முடியவில்லை. பதினொரு மணிக்கு வந்தாலும் சோறு உண்டு. காலை உணவு முதல் மணிக்கு முன்பே பரிமாறி முடிகிறது. நேரத்துக்கு வருவதற்கு ஒரு குழந்தை புரிந்துகொள்ளக் கூடிய காரணத்தை, எந்த மிரட்டலும் இல்லாமல், பள்ளி முதல்முறையாக உண்டாக்கியிருக்கிறது. இத்திட்டத்தின் ஊட்டச்சத்துப் பயனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது பயன் அதற்குச் சளைத்ததாகத் தோன்றவில்லை.

இருந்தாலும் சான்றுகளை நிதானமாகவே எடைபோட வேண்டும். முதல்கட்டப் பள்ளிகளை ஆராய்ந்த மாநிலத் திட்டக் குழு, 1,543 பள்ளிகளில் 1,319-ல் வருகை கூடியதாகக் கண்டது. நம்பிக்கை தரும் எண். ஆனால் இது திட்டத்துக்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய மாதங்களையும் அதே பள்ளிகளில் வைத்துப் பார்த்த ஒப்பீடு. கல்வியாண்டின் தொடக்கத்தில் வருகை இயல்பாகவே தள்ளாடும்; 2022-ல் பெருந்தொற்றுக்குப் பின் பள்ளிகள் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டும் இருந்தன. இந்த உயர்வில் உணவின் பங்கு எவ்வளவு, பருவத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, அப்போது திட்டம் வராத பள்ளிகளோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். முதல் ஓராண்டில் அந்த வாய்ப்பு இருந்தது. திட்டம் எல்லாப் பள்ளிக்கும் விரிந்த பிறகு அது கைநழுவிப் போய்விட்டது.

சாதியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 2023-ல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களின் இரு பள்ளிகளில், தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளி எட்டயபுரம் அருகே இருந்தது, காமராசர் மதிய உணவைத் தொடங்கிய அதே வட்டாரத்தில். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதன் பின் பிரச்சினை அடங்கியது. பிள்ளை பள்ளிக்கு வருவதும் வராததும் பிள்ளையின் கையில் இல்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேட வேண்டியதில்லை.

நேரத்தைச் சுருக்கிய ஒரு முயற்சி

இதற்கு நேரெதிரான வழி ஒன்றையும் இம்மாநிலம் கண்டிருக்கிறது. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப்புறப் பிள்ளைகளுக்கு வகுப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும். ஒரு பிரிவு காலையில், மறு பிரிவு பிற்பகலில். மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார்கள். 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இந்தத் திட்டத்தைச் சாதிக் கோணத்தில் விமர்சிப்பது சரியானதே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை வருகைக் கொள்கையாகவும் படிக்கலாம். இடவசதி போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, பாதி நாள் பள்ளியென்றால் அதிகம் பேர் வருவார்கள் என்பது அதன் வாதங்களில் ஒன்று. வீட்டு வேலை பிள்ளையைப் பிடித்துவைத்திருக்கிறது என்ற உண்மையை அத்திட்டம் பார்த்தது. பார்த்துவிட்டு, அந்த வேலைக்கு இடம்கொடுக்கும் வகையில் பள்ளியைச் சுருக்கியது. மூன்றாண்டு கழித்து வந்த மதிய உணவும் அதே உண்மையைத்தான் பார்த்தது. பிள்ளை ஒரு வேளைச் சோற்றுக்காக உழைக்க நேர்கிறதென்றால், அந்தச் சோற்றைப் பள்ளியே போடும் என்றது. ஒரே நோயறிதல், இரண்டு மருந்து. குழந்தையின் வறுமைக்கேற்பப் பள்ளி தன்னைக் குறைத்துக்கொள்வதா, வறுமையின் ஒரு பகுதியைப் பள்ளி தன் தோளில் ஏற்றுக்கொள்வதா என்ற தேர்வை இம்மாநிலம் அன்றே செய்துவிட்டது.

பரிசும் தண்டனையும்

இன்றைய பள்ளிகளில் வருகையை ஊக்குவிக்க அதிகம் கையாளப்படுபவை பரிசுகள். ஒருநாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் சான்றிதழ், முதலில் வரும் பிள்ளைக்கு நட்சத்திரம், முழு வருகை உள்ள வகுப்புக்குக் கொடி. செலவில்லாதவை, பார்க்க அழகானவை. கொடுக்கும் ஆசிரியர்களின் நல்லெண்ணத்தையும் நான் சந்தேகிக்கவில்லை.

ஆனால் சான்றுகள் வேறு சொல்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இனி முழு வருகை இருந்தால் விருது உண்டு என்று முன்கூட்டிச் சொன்னது எந்த மாற்றத்தையும் தரவில்லை. முன்பு முழு வருகை இருந்ததற்காக விருது பெற்ற மாணவர்கள் அதற்கடுத்த மாதத்தில் கூடுதலாகவே விடுப்பு எடுத்தார்கள். அவர்கள் ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படித்தவர்கள். தொடக்கப்பள்ளிக்கு அம்முடிவை அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. என்றாலும் இச்சான்றிதழின் உள்கட்டமைப்பைப் பார்த்தாலே அதன் பலவீனம் புரியும். ஜூலையில் அம்மை போட்டு ஒரு வாரம் படுத்த பிள்ளைக்கு அடுத்த ஏப்ரல் வரை பெறுவதற்கு ஒன்றுமில்லை. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குப் பரிசு உண்டு. மேடையேறும் பிள்ளைகள் பெரும்பாலும் எந்த ஊக்கமும் இல்லாமலே வந்திருக்கக் கூடியவர்கள். முதலில் வருபவருக்கு நட்சத்திரம் என்பது பெல்லாரியின் உள்ளங்கை எழுத்து. பிரம்பை எடுத்துவிட்டோம், வரிசையை விட்டுவைத்திருக்கிறோம்.

தண்டனை சட்டப்படி ஒழிந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தாமதத்துக்கான தண்டனை மட்டும் சில இடங்களில் ஒழுங்கு என்ற பெயரில் தங்கியிருக்கிறது. பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்பது, வகுப்பு வாசலில் முட்டி போடுவது, எல்லோர் முன்னாலும் தோப்புக்கரணம். இதன் விளைவைச் சின்ன வகுப்புகளில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மணி அடிப்பது தெருமுனையில் கேட்டதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை நின்றுவிடும். உள்ளே போனால் நிற்க வைப்பார்கள். வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வேலைக்குப் போயிருப்பாள். பையை மாட்டிக்கொண்டு கோயில் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். அன்றைக்கு அது ஆப்சென்ட். பத்து நிமிடத் தாமதத்தை ஒருநாள் இழப்பாகவும், ஒருநாள் இழப்பை மறுநாளின் பயமாகவும் மாற்றுவது இந்தத் தண்டனைதான். வருகையையும் நேரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். நேரத்தைக் கட்டாயப்படுத்தப் போய் வருகையை இழக்கிறோம்.

பரிசும் தண்டனையும் இல்லாமல் தகவல் மட்டுமே வேலை செய்த இடம் உண்டு. ஃபிலடெல்பியாவில் டாட் ரோஜர்ஸும் ஏவி ஃபெல்லரும் நடத்திய ஆய்வில், பிள்ளை இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். நீண்டகாலம் வராதிருப்பது 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. பெற்றோர் தம் பிள்ளையின் விடுப்பைக் குறைத்தே எண்ணியிருந்தார்கள் என்பது அதன் பின்னணி. இங்கே ஒரு நாள் அத்தை வீட்டுக் காதுகுத்து, ஒரு நாள் சளி, ஒரு நாள் மழை, இரண்டு நாள் ஊர்க் கொடை என்று தனித்தனியாகப் போகும் நாட்களை எந்த வீட்டிலும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிச் சொன்னால் தாய்மார்கள் திடுக்கிடுகிறார்கள்.

வீட்டின் காலை

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற குற்றச்சாட்டு ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்பது. தொடக்கக் கல்வி பற்றி 1999-ல் வெளியான புரோப் (PROBE) அறிக்கை, கல்வியில் மிகவும் பின்தங்கியிருந்த வட மாநிலங்களையும் இமாச்சலப் பிரதேசத்தையும் ஆராய்ந்து, ஏழைப் பெற்றோரிடம் படிப்பின் மீது ஆர்வம் நிறைந்தே இருப்பதைக் காட்டியது. ஆர்வம் இருக்கிறது, காலைப் பொழுது அவர்கள் கையில் இல்லை.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். அங்கே தொழிலாளர் வருகையைக் கைப்பேசிச் செயலியில் படத்தோடு பதிவது 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் கட்டாயமானது: காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். காலைப் படத்தில் இல்லாத தாய்க்கு அன்றைய கூலி சந்தேகம். அவள் கிளம்ப வேண்டிய நேரமும் மகளைத் தலைவாரி அனுப்ப வேண்டிய நேரமும் ஒன்றே. மூன்றாம் வகுப்பு மகள் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தானாக வருகிறாள். அங்கன்வாடி திறக்கச் சற்றுத் தாமதமானால் இவளும் தாமதம். அவளுடைய தாமதத்துக்குப் பின்னால் வேறு இரண்டு துறைகளின் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தண்ணீர், பஸ், பீடிச் சுற்று, பால்கறவை என்று ஊருக்கு ஊர் காரணம் மாறும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் பிள்ளைகளின் நிலை வேறு. தை பிறந்ததும் ஊரைவிட்டுப் போய் மழைக்காலத்துக்கு முன் திரும்பும் பிள்ளையைச் சான்றிதழும் உப்புமாவும் பிடித்துவைக்காது. சூளைக்கு அருகிலுள்ள பள்ளி அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது ஊரிலேயே தங்கிப் படிக்க விடுதி வேண்டும். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிள்ளைகளால் நேரத்தைக் கடைப்பிடிக்க முடியாது என்று நினைப்பவர்கள் சிவகாசியை நினைத்துப்பார்க்க வேண்டும். 1970, 80-களில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளின் பஸ்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு விடிவதற்கு முன்பே வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இருட்டில் எழுந்து சோற்றுத் தூக்குடன் தயாராக நின்றார்கள். வறுமை அவர்களை எழுப்பியது. பஸ் வீட்டருகே வந்தது. ஏஜென்ட் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அறிந்திருந்தார். அந்தக் கொடுமையை நடத்தியவர்கள் பிள்ளை வேலைக்கு வருவதைப் பிள்ளையின் பொறுப்பாக விட்டுவிடவில்லை. படிப்புக்கு வர வேண்டிய பிள்ளைக்கு மட்டும் அதை அதனுடைய ஒழுக்கப் பிரச்சினையாக்கினோம்.

சட்டம் யாரிடம் கேட்கிறது

கல்வி உரிமைச் சட்டத்தைக் கட்டாயக் கல்விச் சட்டம் என்று சொல்லும்போது, பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் என்றே பலர் எண்ணுகிறார்கள். சேர்க்கும் கடமையை 10-ஆம் பிரிவு பெற்றோருக்குத் தருகிறது. நாள்தோறும் வருவதை உறுதிசெய்து கண்காணிக்கும் கடமையை 8-ஆம் பிரிவு அரசின் மேல் வைக்கிறது. தவறாமலும் நேரத்துக்கும் பள்ளிக்கு வர வேண்டும் என்று அச்சட்டம் ஒருவரிடம் கேட்கிறது, அவர் ஆசிரியர். 24-ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளில் முதலாவதாக அது நிற்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகையைப் பற்றிச் சொல்வதும் அதே பிரிவில் வருகிறது. ஃபிலடெல்பியா அஞ்சலில் செய்ததை நம் சட்டம் நேரில் செய்யச் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன.

ஆசிரியர் வருகை பற்றிய சான்றுகள் சங்கடமானவை. பொருளியலாளர் மைக்கேல் கிரெமர் குழுவினர் 2003-ல் முன்னறிவிப்பின்றி நாடெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்றபோது நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர். இவ்வெண்ணை ஆசிரியர்களைச் சாட மட்டும் பயன்படுத்துவது நியாயமாகாது. பயிற்சி, கூட்டம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று அரசே அழைத்துப்போகும் நாட்களும் அதில் அடக்கம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். அன்றைக்குப் பாடம் நடக்காது என்பது பிள்ளைக்குத் தெரியும். பாடம் நடக்காத பள்ளிக்கு நேரத்துக்கு வருவதால் என்ன என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கணக்குப் போடும். ராஜஸ்தானின் உதய்பூர் வட்டாரத்தில், சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் மையங்களில் கேமரா வைத்து, வந்த நாளுக்கேற்பச் சம்பளம் தந்தபோது ஆசிரியர் வராமை 42 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது. இங்கே கேமரா வேண்டும் என்பது என் வாதம் அல்ல. மூன்றாவது ஆசிரியர் வேண்டும். வேலைநாளில் கூட்டம் வேண்டாம். முதல் பாடவேளை மணியடித்ததும் தொடங்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் ஒரு பள்ளி தானே இன்றே செய்யக் கூடியதும் உண்டு. தாமதமாக வரும் பிள்ளையை நேரே உள்ளே உட்கார வைத்து, முதல் அரைமணியில் நடந்ததைப் பக்கத்துப் பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லலாம். இடைவேளையில் காரணத்தைக் கேட்டு, பதிவேட்டில் இடமில்லாததால் தனி நோட்டில் ஒரு சொல்லில் எழுதிவைக்கலாம். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பிள்ளைகளின் பெயரில்லாமல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஊராட்சி உறுப்பினரும் இருப்பார். "தண்ணீர்" என்று ஒன்பது முறை எழுதியிருந்தால் குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை ஊராட்சியில் பேச வேண்டும். "தம்பி" என்று இருந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமும், "பஸ்" என்று இருந்தால் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும். "பயம்" என்று ஒருமுறை எழுதியிருந்தாலும் போதும், அதை அந்தக் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும்.